பெனியனுக்குள் இருந்த நெஞ்சு

புட்போல்காரனைக் கட்டினால் ஒவ்வொரு நாளும் பெருநாள்தான் என்று கிண்ணியாவில் யார் முதலில் கதை கிளப்பிவிட்டார்களோ, அந்த வாய் மட்டும் கையில் அகப்பட்டால் ரிஸ்லா நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். கலியாணம் முடித்து எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில், அவர் லீவில் வந்து நின்ற நாட்களில், அவள் கண்ட பெருநாள் இதுதான்: காலை ஐந்தரைக்கு மாப்பிள்ளை எழும்பித் தராசில் ஏறுவார். நிறையைப் போனில் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவார். நாலு அவித்த முட்டை, மஞ்சள் கரு இல்லாமல். பிறகு ஓட்டம். பிறகு முழங்காலுக்கு ஐஸ். பிறகு சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் கூரையைப் பார்ப்பார். பிறகு நித்திரை. எழும்பினால் மறுபடியும் அதே முட்டை, அதே ஐஸ், அதே கூரை. இரவு ஒன்பது அடித்தால் வீட்டில் லைட் எரியக்கூடாது. கலியாண வீட்டுக்குப் போனால் பிரியாணியை மணந்து பார்த்துவிட்டு வருகிற மனிதன் உலகத்திலேயே அவள் புருஷன் றுவைஸ் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

"உனக்கென்ன ரிஸ்லா, டீவியில வாற மாப்பிள்ளை" என்று கூடப் படித்தவளுகள் பெருமூச்சு விடுவார்கள். டீவியில் வருவது மாதத்தில் இரண்டு தரம், ஒன்றரை மணித்தியாலம். வீட்டில் நிற்கிற மிச்சம் முழுக்க அவள் அல்லவா கூரையோடு சேர்த்து அவனையும் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்!

ஒருநாள் கேட்டே விட்டாள். "இஞ்சருங்க, உங்களுக்கு இது அலுக்கிறதில்லையா?"

சுவரில் கிடந்த காலை இறக்காமலே றுவைஸ் சிரித்தான். "அலுப்புத்தான் புள்ள என்ட வேலை. ஆட்டம் எனக்கு லீவு மாதிரி. இந்த வீட்டில என்டைக்குக் கூத்துத் தொடங்குதோ, அன்டைக்கு நான் முடிஞ்சன் எண்டு வெச்சுக்க."

அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

கூத்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் தொடங்கியது. ஊரில் ஒரு வழக்கம். பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் மெச் நடக்கும். அந்த வருடம் மாப்பிள்ளையானவர்கள் எல்லோரும் முடித்தவர்கள் பக்கம் கட்டாயம் இறங்க வேண்டும். தொந்தி வைத்தவனும் இறங்குவான், பந்தையே தொடாதவனும் இறங்குவான். றுவைஸுக்கு இது முதல் வருடம். மூன்று வாரம் லீவில் வந்திருந்தான். லீவில் வெளி மெச் எதுவும் ஆடக்கூடாது என்று கொழும்பில் தான் ஆடும் கிளப்பின் கடதாசியில் கையெழுத்துப் போட்டவன். லீவு முடிந்து போனதும் இரண்டு வருடத்துக்குப் புது ஒப்பந்தம் வைக்கப் போகிறார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியுமா? தெரிந்தாலும் ஊர் விடுமா? "நாட்டுக்கே ஆடுறவர், எங்களோட ஆட வெக்கமாக்கும்" என்று ஒருத்தன் ஸ்பீக்கரில் சொன்னான். சனம் கொல்லென்று சிரித்தது. றுவைஸ் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

இருபதாவது நிமிடத்தில் விழுந்தான். விழுத்தியது வேறு யாருமில்லை, ரிஸ்லாவின் சொந்த நானா, கூடப்பிறந்த மூத்தவன் முனீப். முனீப்புக்கு இருபத்தேழு வயது, இன்னும் கலியாணம் இல்லை, தோணியில் மீனுக்குப் போகிறவன். பள்ளிக்கூட டீமில் இவனும் றுவைஸும் ஒன்றாக ஆடியவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு பேரில் கெட்டிக்காரன் முனீப்தான் என்று றுவைஸே சொல்லுவான். பந்துக்குத்தான் காலை விட்டான் பாவம். பட்டது றுவைஸின் முழங்காலில்.

அன்றிரவு அந்த முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி நின்றது. பத்து நாள் அசையாமல் கிடந்தால் வற்றிவிடும் என்று றுவைஸுக்குத் தெரியும். வற்றுவதல்ல பிரச்சினை. கதிரையில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு பெனியன்தான் பிரச்சினை.

அந்தப் பெனியனைக் கிளப் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் கொடுத்திருந்தது. இறுக்கமான அரைப் பெனியன், முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு மெஷின், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி. அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு வேகம், எந்த இடம், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று எல்லாம் அந்தந்த நிமிடமே கொழும்பில் கொம்பியூட்டரில் விழும். அங்கே கஜந்தி என்று ஒரு மிஸ் இருந்து பார்ப்பார். வெருகல் பக்கத்துப் பிள்ளை, ஆட்டக்காரரின் உடம்புக்குப் பொறுப்பு. ஒருநாள் ஓடாவிட்டால் அடுத்த நாள் காலையில் போன் வரும்.

"நான்தானே மச்சான் உன்ன இப்பிடி ஆக்கினன்" என்றான் முனீப். ஒரு கை பெனியனைத் தடவிக்கொண்டிருந்தது. "பத்து நாள் நான் ஓடுறன். நெஞ்சில பேரா எழுதிக் கிடக்கு?"

ரிஸ்லாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதைச் சொல்லாமல் விட ஏலாது. அவள்தான் குசினியில் நின்று, "ஓம் நானா, செய்ங்க" என்று முதலில் சொன்னவள்.

ஊர்க் கண் படாத இடம் வேண்டும். பாலம் வந்த பிறகு பழைய இறங்குதுறைப் பக்கம் ஒரு குருவியும் போவதில்லை. அந்த ரோட்டில் பின்னேரம் நாலரைக்கு முனீப் ஓடினான். ஒவ்வொரு நாளும் வந்து நிற்பான், ரிஸ்லா பின்னால் நின்று பட்டியை இழுத்துக் கொளுவிவிடுவாள், அவன் மேலே ஒரு சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவான். வீட்டுக்குள் அவனுக்குப் பெயரே மாறிவிட்டது. "றுவைஸ் ஓடிட்டு வந்துட்டாரா?" என்று ரிஸ்லா கேட்பாள். "ஓம், றுவைஸ் வந்திருக்கன், மஞ்சள் கரு இல்லாம முட்டை கொண்டா" என்பான் முனீப். உண்மையான றுவைஸ் கட்டிலில் கிடந்து சிரிப்பான்.

"இதுதானாடா உன்ட வாழ்க்கை?" என்றான் முனீப் மூன்றாம் நாள். "ஓடுறது, ஓடின ரோட்டிலயே திரும்பி ஓடுறது. கடல்ல எண்டா மீனாவது வரும். சீ, அந்த நேரம் உன்னோட கிளப் செலக்ஷனுக்கு நான் வராம விட்டது நல்லதாப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் அடுத்த நாள் நாலு மணிக்கே வந்து நின்றான். பெனியனைப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததை ரிஸ்லா கண்டாள். அவளுக்கு நெஞ்சு இளகிப்போனது.

ஐந்தாம் நாள் அவன் ஓடிவிட்டு வந்து கிணற்றுக் கட்டில் இருந்தான். எழும்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆறாம் நாள் தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்தபோது அவனுடைய நகங்கள் நாவற்பழச் சாயம் பட்டதுபோல் நீலமாக இருந்தன. முகத்தில் ஊற்றிய வேர்வை குளிர்ந்து கிடந்தது.

"என்ன நானா?"

"ஒண்டுமில்ல. ராவைக்குக் கடல், பின்னேரம் ஓட்டம். நித்திரை இல்ல, அவ்வளவுதான்."

எட்டாம் நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஏறி மிதிக்கவில்லை. செயின் கழன்றுவிட்டது என்றான். செயின் ஒழுங்காகத்தான் கிடந்தது. ரிஸ்லா அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு நாள்தானே என்று நினைத்தாள். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் அவளுக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

ஒன்பதாம் நாள் காலை போன் வந்தது. றுவைஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"றுவைஸ், கஜந்தி கதைக்கிறன். மூண்டு நாளா உங்கட நெஞ்சுத் துடிப்பு சரியில்லை. நடுவில தவறுது, பிறகு ஒரேயடியா ஏறுது. உங்களுக்கு மயக்கம், நெஞ்சு நோ ஏதும் வந்ததா?"

"இல்ல மிஸ். எனக்கு ஒண்டுமில்ல."

"வீட்டில ஆராவது இளம் வயதில நெஞ்சு வருத்தத்தில செத்திருக்கினமா?"

"எங்கட குடும்பத்தில ஒருத்தரும் இல்ல மிஸ்."

அத்தனையும் உண்மை. ஒரு சொல் பொய்யில்லை. குசினி வாசலில் நின்ற ரிஸ்லா கையிலிருந்த முட்டைக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய வாப்பா கலீலுர் றஹ்மான் முப்பத்தொன்பது வயதில், தோணி விளிம்பில் இருந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் மூச்சு முட்டுது" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. அப்போது ரிஸ்லாவுக்குப் பத்து வயது.

"இண்டைக்கே ஈ.சீ.ஜீ எடுத்து எனக்கு அனுப்புங்கோ. நான் சொல்லும் வரைக்கும் ஓட வேண்டாம்" என்று கஜந்தி வைத்துவிட்டார்.

"நானாவையெல்லோ கொண்டு போய்க் காட்டணும்?" என்றாள் ரிஸ்லா.

"காட்டுவம் புள்ள, யார் இல்லையெண்டது? முதல்ல இதை முடிப்பம். என்ட நெஞ்சை எடுத்து அனுப்பினா நல்லாயிருக்கும். மெஷின்லதான் பிழை எண்டு விட்டுருவாங்க. அதுக்குப் பிறகு அவனைக் கூட்டிட்டுப் போவம்."

முனீப்பிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அலையில தோணி தள்ளுறவன்ட நெஞ்சு பின்ன தாளம் போடுமா?" என்றான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கை தானாக நெஞ்சுக்குப் போனதை அவனே கவனித்துக் கீழே இறக்கினான்.

திருகோணமலைக்குப் போனார்கள். ஒரு தனியார் இடத்தில் றுவைஸின் நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்தார்கள். கடதாசியைப் பார்த்த டொக்டர், "இப்பிடி ஒரு நெஞ்சை நான் இந்த மாதம் காணயில்லை, தம்பி" என்றார். அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அரை மணித்தியாலத்தில் கஜந்தி கூப்பிட்டார். குரலில் பாரம் இறங்கியிருந்தது.

"தெளிவா இருக்கு றுவைஸ். நான் சரியாப் பயந்துபோனன். அப்ப மெஷின்லதான் பிழை. கொழும்புக்கு வந்ததும் மாத்தித் தாறன். பின்னேரம் இருபது ஸ்பிரின்ட் அடியுங்கோ, ஒப்பந்தக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு வேணும்."

இனித்தான் சொல்லக் கூச்சமான விஷயம். மெஷினில் பிழை என்பது இவர்களே கட்டின பொய். அன்று காலையில் மூன்று பேருமாகக் கட்டியது. அந்தப் பொய் கொழும்புக்குப் போய், படித்த ஒருத்தியின் வாயால் திரும்பி வந்ததும், கட்டினவர்களே அதை நம்பிவிட்டார்கள். ஒன்பது நாளாக அந்தப் பெனியனை றுவைஸ் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்களுக்கு அது றுவைஸாகவே ஆகிவிட்டது. றுவைஸின் கடதாசி நல்லது, டொக்டர் சொல்லிவிட்டார், மிஸ் சொல்லிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது கதை! ரிஸ்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு அவள்தான் முனீப்புக்குப் போன் எடுத்தாள்.

"நானா, மெஷின்லதான் பிழையாம்! ஒண்டும் இல்லையாம்!"

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "நான் சொன்னன்தானே" என்றான் முனீப். பயந்துதான் போயிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இனிப் பயமில்லை என்று சந்தோஷப்பட்டாள்.

நாலரைக்கு அவன் வந்தான். அவள் பின்னால் நின்று பட்டியை இழுத்துக் கொளுவினாள். வழமையைவிட முதுகு குளிர்ந்திருந்தது. மழைக்குணம் போல என்று நினைத்தாள்.

"இருபது ஸ்பிரின்ட்டாம் நானா."

"இருபத்தொண்டு அடிச்சுக் காட்டுறன். அந்த மிஸ் கதிரையில இருந்து எழும்பணும்."

அவன் போனான். றுவைஸ் வழக்கப்படி சுவரில் காலைப் போட்டுக்கொண்டு கிடந்து அப்படியே நித்திரையாகிவிட்டான். ரிஸ்லா முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, காலையில் எடுத்த கடதாசியைப் பத்திரப்படுத்த அலுமாரியைத் திறந்தாள். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த உம்மாவின் வீடு அது. வீட்டு உறுதி முதல் எல்லாக் கடதாசியும் ஒரே பைலில்தான் கிடக்கும். பைலை விரித்தபோது மேலே கிடந்தது வாப்பாவின் மரணச் சான்றிதழ். காரணம் என்ற இடத்தில் இதயம் என்ற சொல் மட்டும் மை ஊறித் தடித்துத் தெரிந்தது. அதன்மேல் அவள் கையிலிருந்த கடதாசியை வைத்தாள். வைத்த கடதாசியின் தலைப்பில் பெயர் இருந்தது. றுவைஸ்.

வாப்பா யாருக்கு வாப்பா?

"என்ட றப்பே!" என்று அவள் போட்ட சத்தத்தில் றுவைஸ் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான்.

"இது உங்கட நெஞ்சு! நானாட நெஞ்சில்ல! மெஷின்ல பிழையில்லங்க, மெஷின் சொன்னது சரி!"

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடி எடுத்தான். முனீப்புக்குப் போன் எடுத்தார்கள். அது குசினி மேசையில் கிடந்தே அடித்தது. ஓடும்போது இடைஞ்சல் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். றுவைஸ் வீங்கிய காலாலேயே மோட்டார் சைக்கிளை உதைத்தான், ரிஸ்லா பின்னால் ஏறினாள். அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டு கிடந்தது.

இறங்குதுறை ரோட்டில் முதலில் சைக்கிள் தெரிந்தது. சேட்டை மடித்து ஹேண்டிலில் போட்டிருந்தான். அவ்வளவு தூரம் ரோடு வெறுமையாக இருந்தது. அடுத்து, தண்ணீர் ஓரமாக, கறுப்பாக ஒன்று குப்புறக் கிடந்தது தெரிந்தது.

றுவைஸ் மோட்டார் சைக்கிளைச் சரியவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினான். முனீப்பைப் புரட்டி, காதை மூக்கில் வைத்தான். பிறகு இரண்டு கையையும் கோர்த்து நெஞ்சின் நடுவில் வைத்து அமத்தத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. கிளப்பில் வருடத்துக்கு இரண்டு தரம் ஒரு ரப்பர் பொம்மையை வைத்து இதைச் செய்ய விடுவார்கள். அதைப்போல் அலுப்பான பின்னேரம் கிடையாது என்று அவன் எத்தனையோ தரம் முறைப்பட்டிருக்கிறான். முப்பது அமத்தல், இரண்டு மூச்சு. முப்பது அமத்தல், இரண்டு மூச்சு.

அவனுடைய பையிலிருந்த போன் அடித்தது. ரிஸ்லா உருவி எடுத்தாள். கஜந்தி.

"ஹலோ? ஆர், மிஸிஸா? தங்கச்சி, பயப்படாதேங்கோ. இஞ்ச றுவைஸின்ட துடிப்பு இரண்டு நிமிசமாத் தெரியுதில்லை. காலையில எடுத்தது வடிவா இருந்ததுதானே, மெஷின்தான் திரும்பப் பிழைச்சிருக்கும். றுவைஸ் பக்கத்தில நிக்கிறாரா? ஒருக்காப் போனைக் குடுங்கோ, அவர் கதைச்சா எனக்குக் காணும்."

ரிஸ்லா புருஷனைப் பார்த்தாள். போனை அவன் காதில் வைத்தால் போதும். ஒண்டுமில்ல மிஸ் என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தம் அப்படியே இருக்கும். அவள் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"நிக்கிறார் மிஸ். அவருக்கு ஒண்டுமில்ல. மெஷின்லயும் பிழையில்ல. பெனியனுக்குள்ள கிடக்கிறது என்ட நானா. ஒன்பது நாளா ஓடினது என்ட நானா. எங்கட வாப்பா நெஞ்சு வருத்தத்திலதான் மௌத்தானவர்."

றுவைஸ் நிமிரவில்லை. "சொல்லு புள்ள, எல்லாத்தையும் சொல்லு" என்றான். "பதினேழு. பதினெட்டு. பத்தொம்பது."

கஜந்தியின் குரல் வந்தது. வேறு குரல் அது.

"நிப்பாட்ட வேண்டாம், அமத்தட்டும். இடம் எனக்கு மெப்பில தெரியுது, மற்றப் போனில அம்புலன்சுக்குச் சொல்லுறன்." யாருக்கோ அவசரமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "இப்ப கையை எடுக்கச் சொல்லுங்கோ. கையிருந்தா எனக்குத் தெரியாது."

றுவைஸ் கையை எடுத்தான். வேர்வை மூக்கால் வடிந்தது.

"இல்லை. அமத்துங்கோ."

முப்பது. இரண்டு மூச்சு. முப்பது. இரண்டு மூச்சு. றுவைஸின் முழங்கால் மணலில் புதைந்து, கட்டியிருந்த துணி அவிழ்ந்து கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"கையை எடுங்கோ."

எடுத்தான்.

"இல்லை தம்பி. அமத்துங்கோ. நிப்பாட்டாதேங்கோ."

ரிஸ்லா நானாவின் தலைமாட்டில் இருந்து, உயிர் பிரிகிறவர்களுக்குச் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை இப்போது சொல்லக்கூடாது. சொன்னால் அவன் போய்விடுவான். அவன் காதுக்குள் குனிந்து, "முட்டை அடுப்பில கிடக்கு நானா, மஞ்சள் கருவோட தாறன், எழும்புங்க" என்றாள்.

"கையை எடுங்கோ" என்றார் கஜந்தி மூன்றாம் தரம்.

றுவைஸின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. பாலத்தில் ஒரு பஸ் போகும் சத்தம் தூரத்தில் கேட்டது.

"நில்லுங்கோ. தொடாதேங்கோ." கஜந்தி எண்ணத் தொடங்கினார். "ஒண்டு வந்திருக்கு. இன்னொண்டு. தவறித் தவறித்தான் வருகுது, ஆனா வருகுது தங்கச்சி. சரிச்சுக் கிடத்துங்கோ. அம்புலன்ஸ் பாலத்துக்கு வந்திட்டுதாம். நான் ஆஸ்பத்திரிக்கு இந்த ஒன்பது நாள் துடிப்பையும் அனுப்ப வேணும், அவையளுக்கு அது உதவும். இதில எல்லாத்திலயும் றுவைஸ் எண்டுதான் கிடக்கு. நான் மாத்த வேணும். இது ஆரின்ட நெஞ்சு? பேரைச் சொல்லுங்கோ."

றுவைஸ் மணலில் இருந்தபடி அவளைப் பார்த்துத் தலையாட்டினான். ரிஸ்லா கறுப்புப் பெனியனின்மேல் கையை வைத்துக்கொண்டு, போனைக் கிட்டப் பிடித்து, வாப்பாவின் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொன்னாள்.

"கலீலுர் றஹ்மான் முனீப்."